தலைக்கு இவ்வளவு!

நாய் வளர்க்க நகராட்சியில் உரிமம் வாங்க வேண்டும். தேநீர்க் கடை வைக்க உரிமம் வேண்டும். மாவு அரைக்கும் எந்திரம் ஓட்ட உரிமம், முடிதிருத்தும் நிலையம் திறக்க உரிமம். தெருவோரத்தில் இட்லி சுட்டு விற்கும் அம்மையாரிடமும் சீட்டுக் கேட்கிறார்கள், இல்லையென்றால் தள்ளுவண்டி போய்விடும். ஆனால், எட்டடிக்குப் பத்தடி அறை ஒன்றிலே எட்டு மனிதர்களைப் படுக்க வைத்து, தலைக்கு இவ்வளவு என்று மாதந்தோறும் வசூல் செய்கிறாரே ஒருவர், அவர் கையில் என்ன சீட்டு இருக்கிறது? யாரிடம் வாங்கியது? எந்த அதிகாரி வந்து அறையை அளந்து பார்த்தார்? கேட்டுப் பாருங்கள், தோழர்களே! வீட்டுக்காரரும் விழிப்பார், அதிகாரியும் விழிப்பார்.

தாம்பரம் தாண்டித் தெற்கே இறங்கினால் கூடுவாஞ்சேரி, மறைமலைநகர், சிங்கப்பெருமாள் கோவில், பரனூர் என்று ஜி.எஸ்.டி. சாலை நெடுகிலும் ஆலைகள். கிழக்கே திரும்பினால் பழைய மாமல்லபுரம் சாலையில் நாவலூர், சிறுசேரி, கேளம்பாக்கம், திருப்போரூர். கடலோரத்தில் கோவளம் தொட்டு மாமல்லபுரம் வரையில் உல்லாச விடுதிகள். 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரித்துச் செங்கற்பட்டைத் தனி மாவட்டமாக்கினார்கள். மாவட்டம் புதிது, ஆனால் அங்கே வேலை தேடி வந்து குவியும் கூட்டம் அதற்கு இருபதாண்டு மூத்தது.

மறைமலைநகர் துணை நகரமாகத் திட்டமிட்டு எழுப்பப்பட்ட ஊர். மனை பிரித்தார்கள், தெரு போட்டார்கள், பூங்காவுக்கு இடம் விட்டார்கள். குடும்பங்கள் வந்து வாழும் என்று எண்ணித்தான் அந்தக் கோடுகளைப் போட்டார்கள். பின்னர் என்ன நடந்தது? மூன்று ஷிப்டு ஆலை வந்தது. ஒப்பந்தக் கூலி வந்தது. பயிற்சித் தொழிலாளி என்று பெயர் சூட்டி ஓராண்டு, ஈராண்டில் ஆளை மாற்றும் தந்திரம் வந்தது. ஈராண்டு வேலைக்கு எவன் மனைவி மக்களை அழைத்துக்கொண்டு வருவான்? குடும்பம் வரவில்லை, தனி ஆள் வந்தான். திருநெல்வேலியிலிருந்து வந்தான், இராமநாதபுரத்திலிருந்து வந்தான், திருவண்ணாமலையிலிருந்து வந்தான். பின்னர் ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தான். குடும்பத்துக்கென்று கட்டிய வீட்டில் தடுப்பு வைத்து அவனைப் படுக்கப் போட்டார்கள். காலி மனையில் வரிசையாக அறை கட்டி, மேலே தகரம் வேய்ந்து, 'லைன் வீடு' என்று பெயர் வைத்தார்கள்.

லைன் வீட்டைப் பார்க்காத தோழர் ஒருவர் போய்ப் பார்த்து வரட்டும். நீளமாக ஒரு நடை, இரு பக்கமும் அறைகள், கோடியில் இரண்டு கக்கூஸ், ஒரு தண்ணீர்த் தொட்டி. அறைக்கு ஒரு கதவு. பல அறைகளுக்குச் சன்னல் இல்லை. சமையல் அதே அறையில், சிலிண்டர் கதவோரத்தில். தீப்பிடித்தால் வெளியே ஓடும் வழியில்தான் அந்தச் சிலிண்டர் இருக்கும். பகல் ஷிப்டுக்காரன் எழுந்து போன பாயில் இரவு ஷிப்டுக்காரன் வந்து படுப்பான். பாய் ஆறுவதே இல்லை. காலை ஐந்து மணிக்குக் கக்கூஸ் வாசலில் நிற்கும் வரிசை, ரேஷன் கடை வரிசையைத் தோற்கடிக்கும்.

ஏன் இப்படி? வீட்டுக்காரர் எல்லாம் அரக்கர்கள் என்பதாலா? கணக்குப் போட்டுப் பாருங்கள், காரணம் தெரியும். ஓர் அறையும் சமையற்கட்டும் உள்ள பகுதியைக் குடும்பத்துக்கு விட்டால் ஆறாயிரம் ரூபாய் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். அதே இடத்தில் எட்டுப் பேரை வைத்துத் தலைக்கு ஆயிரத்து ஐந்நூறு வாங்கினால் பன்னிரண்டாயிரம். எட்டைப் பத்தாக்கினால் பதினைந்தாயிரம். சுவரை நகர்த்தவில்லை, சுண்ணாம்பு அடிக்கவில்லை, பாய் மட்டும் இரண்டு கூடுதல்! இந்தக் கணக்கு இருக்கும் வரையில் நல்ல மனிதர் கூட எட்டோடு நிற்க மாட்டார். கணக்கை நிறுத்த வேண்டியது சட்டம். அறைக்கு இத்தனை பேர், அதற்கு மேல் கூடாது என்று எழுதி, அதைப் பார்க்க ஓர் ஆளை அனுப்ப வேண்டியது உள்ளாட்சி.

மின்சாரக் கதை தனி. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016இல் அரசு அறிவித்தது. அந்த இலவசம் எந்த லைன் வீட்டின் கதவைத் தட்டிற்று? வீட்டுக்காரரே ஒரு சின்ன மீட்டர் வைத்திருப்பார், அவரே படித்துப் பார்ப்பார், அவரே விலை சொல்வார். வாரியத்துக்குக் கட்டிய தொகை என்ன, உங்களிடம் வாங்கியது என்ன என்று கேட்டால், "தம்பி, கட்டுப்படியானா இரு, இல்லேன்னா வேற இடம் பாரு" என்பார். 'இரு' என்பதும் 'வேற இடம்' என்பதும் ஒரே நாக்கிலிருந்து, ஒரே மூச்சில் வரும்.

ரசீது கேட்டுப் பாருங்கள்.

"அண்ணாச்சி, வாடகை கொடுத்ததுக்கு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க."

"சீட்டு என்னத்துக்குப்பா? நம்பிக்கை இல்லையா?"

"ஆலையில கேக்குறாங்க அண்ணாச்சி, விலாசத்துக்கு."

"விலாசம் எல்லாம் குடுக்கறதுக்கில்ல. அப்புறம் ரேஷன் கார்டு மாத்துவே, ஓட்டு மாத்துவே. அதெல்லாம் நமக்கு ஒத்துவராது."

பேச்சு அதோடு முடிந்தது. சீட்டு இல்லை, விலாசம் இல்லை, பத்து ஆண்டு அந்த ஊரில் உழைத்தாலும் அந்த ஊர்க்காரன் இல்லை!

சட்டமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. இருந்தது. அதுதான் வேடிக்கை. போர்க்காலத்து வீட்டுத் தட்டுப்பாட்டுக்குப் பிறகு, 1946இல் சென்னை மாகாணத்தில் வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1949இல் திருத்தி எழுதினார்கள். 1960இல் மீண்டும் எழுதினார்கள். அந்த 1960ஆம் ஆண்டுச் சட்டம் என்ன சொன்னது தெரியுமா? ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்றது. சிறு வாடகை வீடுகள் நீங்கலாக, வீடு காலியானால் ஏழு நாளுக்குள் அதிகாரிக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்றது. ஏறத்தாழ அறுபதாண்டு அந்தச் சட்டம் உயிரோடு இருந்தது. அந்த அறுபதாண்டும் 'பத்து மாத அட்வான்ஸ்' என்பது ஊர் வழக்கமாக இருந்தது! வாங்கியவருக்கும் தெரியாது அது குற்றமென்று, கொடுத்தவருக்கும் தெரியாது. தெரிந்த வக்கீல்களும் தம் வீட்டுக்குப் பத்து மாதமே வாங்கினார்கள்.

2017இல் அந்தச் சட்டத்தை நீக்கிவிட்டுப் புதிய சட்டம் செய்தார்கள்: நில உரிமையாளர், குடக்கூலிதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் சட்டம். 2019 பிப்ரவரி 22 முதல் நடப்புக்கு வந்தது. அப்போது யார் ஆட்சி என்பதை இந்த ஏட்டைப் படிப்பவர்களுக்கு நாம் நினைவூட்டத் தேவையில்லை. எழுத்து மூலம் ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. வாடகை அதிகாரி என்பவர் துணை ஆட்சியர் தகுதிக்குக் குறையாதவர். முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. உடனே, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தாலொழிய என்று ஒரு வாலையும் ஒட்டி வைத்திருக்கிறது. அந்த வாலைப் பிடித்துக்கொண்டு பத்து மாதக்காரர் மறுகரைக்கு நீந்திப் போய்விடுகிறார். ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தி ஆளைத் துரத்தக் கூடாது என்று அந்தச் சட்டம் திட்டவட்டமாகக் கூறுகிறது. இந்த ஒரு பிரிவைத் தெரிந்துவைத்துக்கொண்டாலே பல லைன் வீடுகளில் வீட்டுக்காரர் குரல் பாதியாகும்.

ஆனால், எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் என்ன? அதையும் படியுங்கள். ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறினால், இடத்தைத் திரும்பப் பெறுவதற்கு அதுவே ஒரு காரணம் என்று 21ஆவது பிரிவில் எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதிக் கொடுக்க மறுப்பவர் வீட்டுக்காரர்; எழுத்து இல்லை என்பதற்காக வெளியேற வேண்டியவர் குடியிருப்பவர்! மாமியார் உடைத்தால் மண்குடம் என்பார்கள். இங்கே மாமியார் உடைத்த குடத்துக்கு மருமகள் அபராதம் கட்டுகிறாள். கம்பெனியே தன் ஊழியருக்குப் பணி ஒப்பந்தத்தின் ஒரு பகுதியாகக் கொடுக்கும் இடத்துக்கோ இந்தச் சட்டம் பொருந்துவதே இல்லை. காண்ட்ராக்டர் மொத்தமாகப் பத்து அறையை எடுத்து ஆட்களை வைத்திருந்தால், சட்டத்தின் கண்ணில் குடக்கூலிக்காரர் அந்தக் காண்ட்ராக்டர்தான். பாயில் படுத்திருப்பவன் யாரோ! வேலை போன அன்று மாலையே பாயும் போய்விடும்.

பெண்கள் விடுதிக்கு மட்டும் ஒரு சட்டம் உண்டு. பொள்ளாச்சியில் 2014இல் ஒரு விடுதிக்குள் புகுந்து சிறுமிகளுக்கு இழைத்த கொடுமை நாட்டை உலுக்கிய பிறகு, அந்த ஆண்டே பெண்கள், குழந்தைகளுக்கான விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெற வேண்டும். காப்பாளர் வேண்டும், காவலர் வேண்டும், கட்டடம் உறுதியானது என்பதற்கும் தீத்தடுப்புக்கும் சுகாதாரத்துக்கும் சான்று வேண்டும். நல்ல சட்டம், குறை சொல்ல மாட்டோம். பத்தாண்டு கழித்து, 2024 செப்டம்பர் 12 விடியற்காலையில் மதுரை கட்ராபாளையத்தில் பெண்கள் விடுதி ஒன்றில் குளிர்பதனப் பெட்டியிலிருந்து தீ கிளம்பி, ஆசிரியைகள் இருவர் புகையில் மாண்டார்கள். கட்டடம் பழுதானது என்று மாநகராட்சி முன்பே நோட்டீசு கொடுத்திருந்த கட்டடம் அது! நோட்டீசு சுவரில், பெண்கள் உள்ளே. சாவுக்குப் பிறகு ஊர் ஊராகச் சோதனை, பட்டியல், எச்சரிக்கை. சாம்பல் ஆறும் வரை சுறுசுறுப்பு.

அந்தச் சட்டமும் ஆண் தொழிலாளி தங்கும் அறைக்குப் பொருந்தாது. ஆண் பிள்ளை எங்கே கிடந்தால் என்ன என்ற பழைய எண்ணம்தான். தீக்கும் மின்கசிவுக்கும் ஆண் பெண் தெரியுமா?

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் சொல்லவில்லை. 2021 டிசம்பரில் பூந்தமல்லிப் பக்கத்து விடுதிகளில் தங்கியிருந்த ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள், விடுதிச் சோற்றால் நோயுற்றார்கள். 150க்கு மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். தோழிகளுக்கு என்ன ஆயிற்று என்று ஒருவரும் சொல்லாத கோபத்தில், ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். சங்கம் இல்லை, கொடி இல்லை, மேடை இல்லை. பத்தொன்பது, இருபது வயதுப் பெண்கள்! ஆலை மூடிக் கிடந்தது. சில விடுதிகளும் உணவுக் கூடங்களும் தம் விதிகளுக்கு ஏற்ப இல்லை என்று அமெரிக்க ஆப்பிள் கம்பெனியே ஒப்புக்கொண்டது. அந்தச் சாலை மறியலுக்குப் பிறகுதான், ஆலைத் தொழிலாளி எங்கே படுக்கிறாள் என்ற கேள்வி கோட்டை வரை எட்டிற்று. 2024 ஆகஸ்ட் 17 அன்று காஞ்சிபுரம் மாவட்டம் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பை முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் திறந்து வைத்தார். செலவு 706 கோடியே 50 இலட்சம். அறைக்கு ஆறு பேர். கூடுவாஞ்சேரியிலும் தாம்பரத்திலும் அரசின் 'தோழி' விடுதிகள் உள்ளன. போற்ற வேண்டியதைப் போற்றுவோம். ஆனால் பதினெட்டாயிரம் படுக்கை ஒரே கம்பெனியின் ஆட்களுக்கே போதாது. மற்றவர்கள் எல்லாரும் லைன் வீட்டில்தானே இருக்கிறார்கள்?

விடுதி வாடகைக்கு ஜி.எஸ்.டி. போட்ட கதையையும் சொல்லிவிடுவோம். (சாலைக்கும் அந்தப் பெயர், வரிக்கும் அந்தப் பெயர், இரண்டிலும் தேய்வது தொழிலாளியின் செருப்பு.) வேலைக்குப் போகும் பெண்களும் மாணவர்களும் தங்கும் விடுதி குடியிருப்பே, வரி கூடாது என்று 2024 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாதம் 20,000 ரூபாய்க்கு மிகாமல், தொடர்ந்து 90 நாளுக்குக் குறையாமல் தங்கினால் வரி இல்லை என்று அவ்வாண்டு ஜூனில் கவுன்சிலும் இறங்கி வந்தது. வரி போடும்போது மட்டும் அந்த அறை அரசின் கண்ணில் பட்டது, பார்த்தீர்களா!

காவல் துறையின் கண்ணிலும் படும். 2012 பிப்ரவரியில் வேளச்சேரியில் வங்கிக் கொள்ளையர் என்று கூறி வடநாட்டு ஆட்கள் ஐவரைப் போலீசார் சுட்டுக் கொன்றார்கள். அவ்வாண்டே, வாடகைக்கு இருப்போர் விவரத்தை வீட்டுக்காரர்கள் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சென்னையில் ஆணை பிறந்தது. அதன் பிறகு அந்தப் பழக்கம் சுற்றுப்புறங்களுக்கும் பரவிவிட்டது. ஆள் யார், ஊர் எது, படம் எங்கே, ஆதார் எங்கே — எல்லாம் கேட்கிறார்கள். குடியிருப்பவனைப் பற்றி வீட்டுக்காரன் எழுதிக் கொடுக்க வேண்டும். வீட்டைப் பற்றி எவனும் எவனுக்கும் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை! அறைக்கு எத்தனை பேர், எத்தனை கக்கூஸ், எத்தனை வாசல் என்று அதே தாளில் மூன்று வரி கூடுதலாகக் கேட்டால் காவல் நிலையத்து மை தீர்ந்துவிடுமா?

இனி மாமல்லபுரத்துக்கு வருவோம். அங்கே விந்தை இன்னும் பெரிது. 1984இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்த ஊர். உலகத்தார் வந்து பார்க்கிறார்கள். வரட்டும், நமக்குப் பெருமைதான். வெளிநாட்டார் ஒருவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. வீட்டிலேயே விருந்தினருக்கு அறை விடும் 'ஹோம்ஸ்டே'க்கு மத்திய சுற்றுலாத் துறை திட்டம் வகுத்தபோது, ஆறு அறைக்கு மேல் கூடாது, பன்னிரண்டு படுக்கைக்கு மேல் கூடாது, வீட்டுக்காரர் அங்கேயே குடியிருக்க வேண்டும் என்றெல்லாம் எழுதி, தரம் பார்த்து வெள்ளி என்றும் தங்கம் என்றும் பட்டம் கொடுக்க ஏற்பாடு செய்தது. குளியலறை எப்படி இருக்க வேண்டும் என்பது வரையில் விதி உண்டு. அந்த விருந்தினருக்குப் படுக்கை விரிக்கும் பையன், சமையல் செய்யும் ஆள், நீச்சல் குளத்தைக் கழுவும் ஆள் — இவர்கள் இரவில் எங்கே போய்ப் படுக்கிறார்கள்? பூஞ்சேரிப் பக்கத்திலோ திருக்கழுக்குன்றம் சாலையிலோ ஓர் அறையில், ஆறு பேரோடு ஏழாவது ஆளாக. அந்த அறைக்கு வெள்ளியும் இல்லை, தங்கமும் இல்லை, தகரம் மட்டும் உண்டு.

சிற்பக் கூடங்களில் உளி பிடிக்கும் பிள்ளைகளின் நிலையும் அதுவே. மாமல்லபுரத்துக் கற்சிற்பத்துக்கு 2017இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கல்லுக்குக் குறியீடு கிடைத்தது. பகலெல்லாம் கல்தூசியை விழுங்கிவிட்டு வருபவன் இரவில் மூச்சு விடக் காற்று வரும் சன்னல் கிடைக்கவில்லை.

அந்த ஊரில் வீட்டுக்காரர்களுக்கும் ஒரு நியாயமான துயரம் உண்டு. அதைச் சொல்லாமல் போனால் நாம் நடுநிலை தவறியவர்கள் ஆவோம். பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி பெற்றே கட்ட வேண்டும் என்று 2010ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் சொல்கிறது. ஊர் முழுவதும் சின்னங்கள். வட்டத்தின் மேல் வட்டம். கடற்கரை ஒழுங்குமுறை விதி இன்னொரு பக்கம். விரிசல் விட்ட சுவரைச் செப்பனிடவும் மனு எழுதிக்கொண்டு அலைய வேண்டும். ஆகவே பலர் மனுவும் போடுவதில்லை, ஓசைப்படாமல் மேலே ஒரு தகரத்தைப் போட்டு வாடகைக்கு விடுகிறார்கள். ஒப்புதல் இல்லாத கட்டடம் என்பதால் எந்த அலுவலகத்தின் படியும் ஏற முடியாது. அந்தக் கட்டடத்திலே குடியிருப்பவனும் ஏற முடியாது. 'உரிமம் கொண்டு வா' என்று நாளையே சட்டம் போட்டால் இந்த அறைகளில் பாதிக்கு உரிமம் கிடைக்காது. அப்போது அதிகாரி என்ன செய்வார்? பூட்டிச் சீல் வைப்பார். சீல் வைத்த படத்தை ஏடுகளில் போடுவார்கள். சாமான்களோடு தெருவில் நிற்பவன் படத்தை யாரும் போடமாட்டார்கள்.

இங்கேதான் தோழர்கள் கூர்ந்து எண்ணிப் பார்க்க வேண்டும். உரிமம் வேண்டும் என்று கத்துவது எளிது. எப்படிப்பட்ட உரிமம்? குடியிருப்பவனைக் காக்கும் உரிமமா, அவனைத் துரத்தும் உரிமமா?

கடல் கடந்த நாடுகளைப் பார்ப்போம். நம் ஆட்களே அங்கே நிரம்ப இருக்கிறார்கள். குவைத் நாட்டில் மங்காப் என்ற இடத்தில் 2024 ஜூன் 12 அன்று, தொழிலாளர்களை அடுக்கடுக்காகத் தங்க வைத்திருந்த கட்டடத்தில் தீப்பற்றியது. 45 இந்தியரின் உடல்களை விமானத்தில் ஏற்றிக்கொண்டு கொச்சிக்கு வந்தார்கள். அவர்களில் தமிழர் ஏழு பேர். சிங்கப்பூரில் 2016 முதல் தொழிலாளர் விடுதிகளுக்கு உரிமச் சட்டம் இருந்தது. ஆனால் ஆயிரம் படுக்கைக்கு மேற்பட்ட பெரிய விடுதிகளுக்கு மட்டும். 2020இல் கொரோனா வந்து விடுதிகளுக்குள் புகுந்தபோது அங்கிருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேரைத் தொற்றிற்று. நம் புதுக்கோட்டை, தஞ்சைப் பிள்ளைகள் மாதக்கணக்கில் அறைக்குள் அடைபட்டுக் கிடந்தார்கள். அதன் பிறகு அந்த அரசு கண் விழித்தது. புதிதாகக் கட்டும் விடுதியில் அறைக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் கூடாது, ஆறு பேருக்கு ஒரு கழிப்பறை என்று 2021இல் விதி செய்தது. 2023 ஏப்ரலிலிருந்து ஏழு படுக்கை உள்ள இடத்துக்கும் அந்தச் சட்டத்தை நீட்டியது. ஏழு படுக்கை, தோழர்களே! அந்தக் கணக்கை இங்கே கொண்டுவந்தால் கூடுவாஞ்சேரியில் எத்தனை வீடு அகப்படும்?

இங்கிலாந்தில் 2004ஆம் ஆண்டு வீட்டுச் சட்டத்தின்படி, ஒரே குடும்பத்தைச் சேராத ஐந்து பேரோ அதற்கு மேலோ சமையற்கட்டையும் கழிப்பறையையும் பகிர்ந்து குடியிருக்கும் வீட்டுக்கு நகர்மன்றத்தின் உரிமம் கட்டாயம். 2018இல் மாடிக் கணக்கு விலக்கையும் எடுத்துவிட்டார்கள். உரிமம் பெற்ற அத்தகைய வீட்டில், ஒருவர் படுக்கும் அறை ஏறத்தாழ 70 சதுர அடிக்குக் குறையக் கூடாது. இருவருக்கு 110 சதுர அடி. நம் ஊர் எட்டுப் பேர் அறையில் அங்கே ஒருவர்தான் சட்டப்படி படுக்கலாம்! லண்டனில் நியூஹாம் என்ற வட்டாரம், ஏழைகளும் நம் ஆசியாக்காரர்களும் நிறைந்த வட்டாரம், 2013இல் தன் எல்லைக்குள் வாடகைக்கு விடும் தனியார் எல்லாரும் உரிமம் எடுக்க வேண்டும் என்று துணிந்து செய்தது. இவையெல்லாம் ஒருபுறம். அந்தச் சட்டத்தின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது: உரிமம் எடுக்காத வீட்டுக்காரரிடமிருந்து, தான் கொடுத்த வாடகையைத் திரும்ப வாங்கித் தரும்படி குடியிருப்பவரே தீர்ப்பாயத்தைக் கேட்கலாம். அபராதம் அரசின் கஜானாவுக்குப் போவதோடு நிற்கவில்லை, குடியிருப்பவர் பைக்கும் வருகிறது. உரிமம் இல்லை என்ற தகவலைக் குடியிருப்பவரே ஓடி வந்து சொல்வார் அல்லவா? இன்ஸ்பெக்டரை வாங்கிவிடலாம்; எட்டுப் பேரையும் வாங்க முடியுமா?

"உரிமம் என்றாலே மாமூல்தானே?" என்று ஒரு பக்கத்திலிருந்து குரல் வரும். இராசகோபாலாச்சாரியார் 'பர்மிட் - லைசென்ஸ் - கோட்டா ராஜ்யம்' என்று சொல்லிச் சொல்லியே ஒரு கட்சி நடத்தினார். அவர் முதலமைச்சராக இருந்த காலத்தில்தான், 1939இல், சென்னை மாகாணப் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. காசு வாங்கிக்கொண்டு வெளியாரைத் தங்க வைக்கும் இடங்கள் பதிவு பெற வேண்டும் என்ற ஏற்பாடு அதிலே இருக்கிறது. அவர் நினைவில் அது இருந்ததோ இல்லையோ! ஆனால் மாமூல் பயம் பொய்யென்று நாம் தள்ளவில்லை. சான்று ஐந்து, அலுவலகம் ஐந்து என்று இருந்தால் மேசைக்கு மேசை கை நீளும். இரண்டு அறையை மாடியில் கட்டி, அதன் வாடகையில் மருந்து வாங்கும் விதவைத் தாயும், ஐம்பது அறை வைத்திருக்கும் புள்ளியும் ஒரே படிவத்தில் கையெழுத்திட வேண்டும் என்றால், தாய் அகப்படுவார், புள்ளி தப்பிவிடுவார். "உரிமம் வந்தால் வாடகை ஏறும்" என்பார்கள். இப்போது உரிமம் இல்லை. வாடகை ஏறாமலா இருக்கிறது?

ஆகவே நாம் கேட்பது இது. உறவில்லாத ஐந்து பேருக்கு மேல் ஓரிடத்தில் தங்கினால், அது ஆண்கள் அறையானாலும் பெண்கள் விடுதியானாலும், காண்ட்ராக்டர் பெயரில் இருந்தாலும் கம்பெனி பெயரில் இருந்தாலும், உள்ளாட்சியில் ஒரே ஏட்டில் பதிவு. நகராட்சியானாலும் ஊராட்சியானாலும் அதே ஏடு, ஜி.எஸ்.டி. சாலையிலும் கேளம்பாக்கம் பக்கத்திலும் ஊராட்சிகளாக இருந்தே நகரமாய் வளர்ந்த ஊர்கள் பல, அவற்றை விட்டுவிட்டால் சட்டம் பாதி ஊருக்குத்தான். அறைக்கு எத்தனை பேர் என்பதை வாசல் கதவில் எழுதி ஒட்ட வேண்டும், தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும். இந்தியில் எழுதச் சொல்கிறோமே என்று தோழர்கள் புருவத்தை உயர்த்த வேண்டாம். ஆதிக்கத்துக்கு வந்த இந்தியை எதிர்த்தோம், எதிர்ப்போம். பிழைக்க வந்த பீகார் உழைப்பாளிக்குத் தீ வழி எது என்று அவன் மொழியில் சொல்வதை எவரும் எதிர்க்கவில்லை. அடுத்ததாக, உரிமம் மறுக்கப்பட்டால் ஆளை வெளியேற்றக் கூடாது. குறையை நீக்கும் வரை வாடகையைக் குறைக்க வேண்டும். கட்டடம் இடியும் நிலை என்றால் மட்டும் வெளியேற்றலாம். அப்போதும் மாற்று இடமும் முன்பணமும் கையில் கொடுத்த பிறகு. மாதா மாதம் கொடுத்த வாடகைக்குச் செல்பேசியில் பணம் போன குறிப்பு இருந்தாலே போதும், அதுவே குடியிருப்புக்குச் சான்று என்று 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும். 21ஆவது பிரிவில் ஒப்பந்தம் இல்லாத குற்றத்தை எழுதிக் கொடுக்க மறுத்தவர் தலையில் வைக்க வேண்டும்.

சட்டமன்றம் திருத்தும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. மறைமலைநகர், கூடுவாஞ்சேரி, செங்கற்பட்டு நகர்மன்றங்களில் நம் தோழர்கள் கேள்வி எழுப்பலாம்: இந்த ஊரில் வாடகை அறைகளுக்குச் சொத்து வரி எந்தக் கணக்கில் போடுகிறீர்கள்? எத்தனை பெண்கள் விடுதிக்கு ஆட்சியர் உரிமம் இருக்கிறது? வாடகை அதிகாரியிடம் எத்தனை ஒப்பந்தம் பதிவாகியிருக்கிறது? விடையை எழுத்தில் வாங்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டம் 2005 முதல் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம்தான்.

கிளைத் தோழர்களுக்கு வேலை இன்னும் எளிது. தம் தெருவில் உள்ள லைன் வீடுகளுக்குப் போய், அறை எத்தனை, ஆள் எத்தனை, கக்கூஸ் எத்தனை, வெளியே ஓட வழி எத்தனை, யூனிட்டுக்கு என்ன விலை, முன்பணம் எத்தனை மாதம் என்று ஒரு தாளில் எழுதி வரவேண்டும். குடியிருப்பவர் பெயரை எழுத வேண்டாம். எழுதினால் மறுநாள் அவர் பாய் தெருவில் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் போவது நல்லது. இரண்டு ஷிப்டுக்காரர்களும் அன்றுதான் ஒன்றாக இருப்பார்கள். அளக்கும் டேப் ஒன்றைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.